ஒன்றுவிட்ட சொந்தமும் காய்ச்சலும்

இந்தக் கட்டுரை என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

2012-ல் என் மனைவிக்கு டெங்கு வந்து குணமானது. 2017-ல் மறுபடி காய்ச்சல். "அதான் ஒரு தடவை வந்துட்டுப் போயிடுச்சே, இனிமே வராது, இது வேற சாதாரண ஜுரம்" என்று சொல்லி, மூன்று நாள் கஞ்சியும் மாத்திரையுமாக வீட்டிலேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "டெங்குவில் நாலு வகை இருக்குங்க ஐயா. அன்னைக்கு வந்தது ஒண்ணு, இது இன்னொண்ணு. சொந்தக்காரன்தான், ஆனா அதே ஆள் இல்ல. ரெண்டாவதா வர்றவன்தான் சில சமயம் மோசமா நடந்துக்குவான்."

பிழைத்துக்கொண்டாள். இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

என் நம்பிக்கைக்கு விதை போட்டது பள்ளிக்கூடம். புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் வாத்தியார் பலகையில் 'வாஷ்' என்று எழுதுவார், பசு என்று பொருள். அதன் கீழே 'வக்ஸேன்', அதாவது தடுப்பூசி. இரண்டுக்கும் தாய், பசுவைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல். 1796-ல் ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர், பால்காரப் பெண்ணின் கையில் இருந்த பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்து, எட்டு வயதுப் பையனுக்குக் குத்தினார். பிறகு பெரியம்மையைக் குத்தியும் அவனுக்கு அது வரவில்லை. ஓர் அம்மை அதன் சொந்தக்கார அம்மையைத் தடுத்தது. அதைக் கேட்டு வளர்ந்தவன், எல்லாச் சொந்தமும் காக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மனைவி தேறியபின் வைரஸ் குடும்பங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது கண்ணில் பட்டது ஹாண்டா வைரஸ் குடும்பம்.

1951-ல் கொரியப் போரில் ஐ.நா. படையினருக்குப் புது மாதிரிக் காய்ச்சல் வந்தது. ரத்தக்கசிவு, பிறகு சிறுநீரகம் செயலிழப்பது. போர் முடிவதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். காரணம் இருபது வருஷத்துக்கு மேல் பிடிபடவில்லை. 1976-ல் லீ ஹோ வாங் என்ற கொரிய விஞ்ஞானி வயல் எலி ஒன்றின் நுரையீரலில் அதன் தடயத்தைக் கண்டார். ஹன்டான் ஆற்றங்கரைப் பகுதி என்பதால் அந்தப் பெயரையே வைத்தார்கள். எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி, அதை நாம் மூச்சில் இழுப்பதால் வருவது.

அதன்பின் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். நகரத்துப் பெரிய எலியிடம் சோல் வைரஸ். ஐரோப்பாவில் மஞ்சள் கழுத்து எலியிடம் டோப்ராவா. பின்லாந்திலும், பிரான்சின் ஆர்டென் காடுகளிலும், குட்டை வால் கொண்ட வேறொரு எலி இனத்திடம் பூமாலா. (பெயர் தமிழ் போல ஒலிக்கிறது, அது பின்லாந்தில் ஓர் ஊர்.)

ஒன்று வந்தால் மற்றது வராதா? என் கேள்வியேதான். 2001-ல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் ஹன்டான் வைரஸின் மேல்தோல் புரதத்துக்கான மரபணுவை ஊசியாக வெள்ளெலிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஊசி ஹன்டானையும் தடுத்தது, சோலையும் டோப்ராவாவையும் தடுத்தது. பூமாலாவிடம் மட்டும் அது செல்லவில்லை. அதற்கென்று தனி ஊசி தயாரிக்க வேண்டியிருந்தது. முதல் மூன்றையும் சுமக்கும் எலிகள் ஒரே கிளையைச் சேர்ந்தவை; பூமாலாவைச் சுமப்பது வேறு கிளை. எலிகளுக்குள் சொந்தம் எவ்வளவு நெருக்கமோ, வைரஸ்களுக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவு நெருக்கம். பங்காளியை அடையாளம் கண்டுகொள்ளும் உடம்பு, ஒன்றுவிட்டு ஒன்றுவிட்டுப் போன தூரத்துச் சொந்தத்தைக் கண்டுகொள்வதில்லை.

அந்தக் குடும்பத்தின் மிகத் தூரத்துச் சொந்தம் ஒன்றின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'தோட்டப்பாளையம் வைரஸ்'. வேலூர் தோட்டப்பாளையம்! என் அக்காவை வேலூரில்தான் கொடுத்தோம். அந்தத் தெருக்களில் எத்தனை முறை நடந்திருப்பேன்!

1964-ல் வேலூரில் பிடித்த ஒரு மூஞ்சூறிடமிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். லீயின் வயல் எலிக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே! ஆனால் அப்போது ஹாண்டா என்ற பெயரே பிறக்கவில்லை. கொசு, உண்ணி போன்ற பூச்சிகள் பரப்பும் வைரஸாக இருக்கலாம் என்று 1971-ல் எழுதி வைத்தார்கள். 1980-களின் இறுதியில்தான் சரியான குடும்பத்தில் சேர்த்தார்கள். முப்பது வருஷம் கோப்பு கட்டியவன் நான்; தவறான அலமாரியில் வைத்த கோப்பு தொலைந்த கோப்புக்குச் சமம் என்பது எனக்குத் தெரியும். முதலில் கிடைத்தவன் தோட்டப்பாளையத்தான், ஆனால் குடும்பப் பெயர் கொரிய ஆற்றுக்குப் போய்விட்டது.

மூஞ்சூறு எலியே அல்ல, பூச்சி தின்னும் தனி இனம். அதனால் அதன் வைரஸும் எலிகளின் வைரஸ்களிலிருந்து வெகுவாக விலகி நிற்கிறது. ஹன்டானுக்கு உண்டாகும் எதிர்ப்பு இதை அநேகமாக அடையாளம் காண்பதே இல்லை. இதைக் கண்டறியத் தனிப் பரிசோதனை வேண்டும்.

என் பாட்டி மூஞ்சூறைப் பிள்ளையார் வாகனம் என்று சொல்லி அடிக்க விடமாட்டாள். நானும் அடிப்பதில்லை. ஆனால் பரணையும் பழைய கோப்பு அறையையும் சுத்தம் செய்யும்போது புழுக்கை கிடந்தால் உலர்ந்தபடி பெருக்காதீர்கள். கிருமிநாசினித் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, கையுறையுடன் துணியால் துடைத்தெடுங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், "போன தடவைதான் வந்துச்சே" என்று சொல்லி என்னைப் போல மூன்று நாள் கடத்தாதீர்கள்.