பதிவேடுகளும் வறுமை ஆராய்ச்சியும்

ஒரு தேவை கருதி எழுதப்பெற்ற பதிவேடு பிறிதொரு தேவைக்குப் பயன்படுதல் வரலாற்றிற் புதுமையன்று. 1886ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் நிலையை அளந்தறியப் புகுந்த சாள்ஸ் பூத் என்னுங் கப்பல் வணிகர், பிள்ளைகளைப் பாடசாலைக்கு வரச்செய்தற்பொருட்டு வீடுதோறுஞ் சென்றுவந்த கல்விச்சபை அலுவலரின் குறிப்புக்களையே தம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகக் கொண்டார். எவ்வீட்டில் எத்தனை பிள்ளைகள், தந்தையின் தொழில் யாது என்பனவற்றை அவ்வலுவலர் நன்கறிவர். அவற்றைக் குடிசன மதிப்பு முதலியவற்றோடு ஒப்புநோக்கிப் பூத் கண்ட முடிபு, அந்நகர மக்களுள் நூற்றுக்கு 30.7 பேர் வறியோர் என்பது. தெருத்தெருவாக நிறந்தீட்டிய அவருடைய படங்களிற் செல்வர் தெரு பொன்னிறமாகவும் கடைநிலையினர் தெரு கருநிறமாகவும் தோன்றும். முதியோர்க்கு அரசு உபகாரச் சம்பளம் வழங்குதல் வேண்டுமென அவர் வாதாடினார். 1908இல் அதற்கெனப் பிரித்தானியாவிற் சட்டம் இயற்றப்பெற்றது.

எனினும், கருநிறத் தெருவிற் பிறந்த குழந்தை முப்பதாம் வயதில் எந்நிலை எய்திற்று என்பதைப் பூத்தின் படம் கூறமாட்டாது. வறியோர் தெருவில் வாழ்தலே ஒருவனை வறியனாக்குகின்றதா, அன்றி வறியோரே அத்தெருவிற்குத் தள்ளப்படுகின்றனரா என்னும் வினாவுக்கும் அதில் விடையில்லை. ஒரு நூற்றாண்டின் பின் அமெரிக்காவில் நிகழ்ந்த பெருஞ்சோதனை யொன்று அவ்வினாவுக்கு விடைகாண முயன்றது.

1994 முதல் 1998 வரை அமெரிக்க ஐக்கிய நாட்டரசு, பல்ரிமோர், பொஸ்ரன், சிக்காகோ, லொஸ் ஏஞ்சலிஸ், நியூயோர்க் ஆகிய ஐந்து நகரங்களின் அரசினர் குடியிருப்புக்களில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களைத் திருவுளச்சீட்டு முறையால் மூன்று பகுதியாகப் பிரித்தது. முதற்பகுதியினர் பெற்ற வாடகை உதவி, வறியோர் தொகை நூற்றுக்குப் பத்திலுங் குறைந்த இடங்களிற் குடியேறினாலன்றிச் செல்லாது. இரண்டாம் பகுதியினர் அவ்வுதவியோடு விரும்பிய இடஞ் செல்லலாம். எஞ்சியோர்க்கு அச்சோதனையில் உதவி கிட்டவில்லை. திருவுளச்சீட்டாற் பிரித்தமையின், ஊக்கமுடையோர் ஒருபுறமும் அஃதில்லார் மறுபுறமுமாகத் திரளுங் குறை நீங்கிற்று.

பத்தாண்டுக்கு மேலாக ஆராய்ந்தோர் கண்டது பெரிதும் ஏமாற்றமே. இடம்பெயர்ந்த தாய்மாரின் உடல்நலமும் மனநலமும் ஓரளவு சீருற்றன, ஊதியமோ உயரவில்லை. பிள்ளைகளின் தேர்வுப் புள்ளிகளிலும் வேறுபாடு தோன்றவில்லை. இடமாற்றம் வறுமைக்கு மருந்தன்று எனப் பலர் முடிவுகட்டினர். விளைவு முற்றுமுன் கணக்கை மூடியது அவசரமேயாகும்.

2015இல் ராஜ் செட்டி, நதானியேல் ஹென்றன், லோறன்ஸ் காற்ஸ் என்னும் பொருளியலறிஞர் மூவர் அக்குடும்பங்களின் பட்டியலை வருமானவரிப் பதிவேடுகளோடு இணைத்து நோக்கினர். (தமிழ்க் குடும்பமொன்றிற் புதுதில்லியிற் பிறந்த செட்டி தாமும் ஒன்பதாம் வயதில் அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்தவரே.) வரி இறுக்காதவனுடைய ஊதியத்தையும் அவன் முதலாளி அறிவித்தல் வேண்டும், கல்லூரிகளும் மாணவர்பற்றிய விபரம் அனுப்பும். ஆதலின், வீடுவீடாகத் தேடியுங் காணமுடியாதோரை அவ்வேடுகளிற் காண முடிந்தது. ஆராய்வோர் கைக்கு வருமுன் பெயர்கள் நீக்கப்பெற்றன. இஃது இன்றியமையாத காப்பு. 1942இல் யப்பானிய வழியினரை மேற்குக் கரையினின்று அகற்றி முகாம்களில் அடைத்தபோது, அவர் எவ்வெத் தெருத்தொகுதியில் எத்துணையர் வாழ்ந்தனர் என்பதைத் தொகுத்தளித்தது அந்நாட்டின் குடிசன மதிப்பு அலுவலகமே.

இணைந்த ஏடுகள் கூறிய செய்தி வேறு. பதின்மூன்று வயது நிரம்புமுன் வறுமை குறைந்த இடஞ் சென்ற பிள்ளைகள், இருபதுகளின் நடுப்பகுதியில், செல்லாதோரிலும் நூற்றுக்கு 31 பங்கு, அதாவது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,500 டொலர், மிகுதியாக உழைத்தனர். கல்லூரி புகுந்தோர் தொகையும் உயர்ந்தது. பதின்மூன்று வயதின்பிற் சென்றோர்க்கு அந்நன்மை இல்லை. சிறிது தீமையே நேர்ந்திருத்தலுங் கூடும். நல்ல சூழலிற் கழிந்த குழந்தைப் பருவத்து ஆண்டுகளின் தொகையே பயனை அளந்தது. எட்டு வயதுத் தங்கைக்குக் கைகொடுத்த இடமாற்றம் பதினாறு வயதுத் தமையனுக்குக் கைகொடாது. திருவுளச்சீட்டில் விடுபட்ட குடும்பங்களின் பிள்ளைகளோ, இவ்வுண்மை வெளிப்பட்ட நாளில் வளர்ந்துவிட்டனர்.

இடம் வாழ்வை மாற்றுமெனின், உதவி பெற்றும் வறியோர் பழைய இடங்களிலேயே தங்குவது ஏன்? அவர் விருப்பம் அதுவே என்று பலர் எண்ணியிருந்தனர். 2018இல் சியற்றில் நகரிலும் அதனைச் சூழ்ந்த கிங் மாவட்டத்திலுந் தொடங்கிய சோதனை அதனை மறுத்தது. அங்கும் திருவுளச்சீட்டு முறையே கைக்கொள்ளப்பெற்றது. வாடகை உதவியோடு வீடு தேடித்தரும் ஆலோசகர், வீட்டுக்காரரோடு பேசுவோர், முற்பணத்துக்குச் சிறு தொகை ஆகியனவும் பெற்ற குடும்பங்களுள் நூற்றுக்கு 53, பிள்ளைகள் முன்னேறிய வரலாறுடைய பகுதிகளிற் குடியேறின. வாடகை உதவி மாத்திரம் பெற்றவற்றுள் 15. அவ்வாறு சென்ற பிள்ளைகளுட் பெரும்பாலோர் உழைக்கும் வயதை இன்னும் எய்தவில்லை. அவர்களைப்பற்றி வரியேடுகள் கூறப்போவது யாதென அறியச் சில ஆண்டுகள் செல்லும்.