கோவில்பட்டி வட்டாரக் காட்சியிடங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடமேற்கில், கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்திலும் அதற்குக் கிழக்கே மன்னார் வளைகுடாக் கரை வரையிலும் திறந்தவெளியில் காணத்தக்க குன்றுகள், கோட்டைத் தலங்கள், நினைவிடங்கள் ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். இது வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்த கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் ஐப்பசி மழைக்குப் பின் பச்சை கட்டும். கோடையில் அதே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கண்ணுக்கெட்டும் தூரம் மேடு பள்ளமில்லாத இச்சமவெளியில் தொலைவிலிருந்தே தெரிபவை பாறைக் குன்றுகள்தாம். அவற்றுள் கழுகுமலைக்கு இணையாக இன்னொன்று இல்லை.

கழுகுமலை, கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது. மலையின் பழம்பெயர் அரைமலை. ஊர் கல்வெட்டுகளில் நெச்சுரம் என்று குறிக்கப்படுகிறது. சடாயுவின் அண்ணனான சம்பாதி முருகனை இங்கு வழிபட்டதால் கழுகுமலை ஆயிற்று என்பது பிற்காலத் தலபுராணச் செய்தி.

மலைச் சரிவில் உள்ள வெட்டுவான் கோயில் ஒரே பாறையில் குடைந்தெடுத்தது. முதலில் பாறையைச் சுற்றிலும் ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழத்துக்கு அகழ்ந்து, நடுவில் விட்ட கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்துள்ளனர். கட்டடக் கோயிலில் அடித்தளம் முதலில் வரும், சிகரம் கடைசியில் வரும். இங்கே முறை தலைகீழ். சாரம் கட்டும் வேலை இல்லை. ஆனால் உளி தவறிப் பெயர்ந்த கல்லை மீண்டும் ஒட்டவும் வழியில்லை. எல்லோராவில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலும் இதே முறையில் ஆனதே. அளவில் அது பெரிது, நுணுக்கத்தில் இது குறைந்ததன்று. பாண்டிய நாட்டில் இத்தகைய ஒற்றைக்கல் கோயில் வேறு இல்லை. பணி 8ஆம் நூற்றாண்டில், பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில் நடந்தது என்று கொள்வதே பொருந்தும்.

சிகரமும் அதன் கீழுள்ள பகுதிகளும் முற்றுப்பெற்றவை. மூலைகளில் நந்திகள் படுத்திருக்கின்றன. பூதகணங்கள் ஆளுக்கொரு முகபாவத்தில் வரிசையாக நிற்கின்றன. உமையுடன் அமர்ந்த சிவனும், திருமாலும், பிரமனும் தத்தம் திசைகளில் உள்ளனர். தென்புறத்துத் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். மோனத்தில் அமர்ந்திருக்க வேண்டியவரைத் தாளம் போட வைத்த சிற்பியின் துணிச்சலுக்காகவே மலை ஏறலாம். கீழ்ப்பகுதியோ உளித்தடம் ஆறாமல் கரடாகவே நிற்கிறது. மகன் மேல் பொறாமை கொண்ட சிற்பி உளியை எறிந்து அவனைக் கொன்றதால் வேலை நின்றது என்ற கதை சொல்லப்படுகிறது. அதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. கருவறையில் இப்போது இருப்பவர் பிள்ளையார். இவர் பின்னாளில் வந்தவர்.

அதே மலையின் இன்னொரு பாறை முகப்பில் சமணத் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. பெரும்பாலானவை சிறியவை, முக்குடையின் கீழ்த் தியானத்தில் அமர்ந்தவை. பாம்புக் குடையின் கீழ் நிற்கும் பார்சுவநாதரும், கொடி சுற்றிய பாகுபலியும், சிங்கத்தோடு நிற்கும் அம்பிகை இயக்கியும் பெரியவை. பல திருமேனிகளின் அடியில் அவற்றைச் செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. அரசர்களின் பெயரைவிட ஊராரின் பெயர்களே மிகுதி. குரவடிகள், குரத்தியர், அவர்தம் மாணாக்கர், மாணாக்கியர் என்று பட்டியல் நீள்கிறது. குரத்தி என்பவர் பெண் ஆசிரியர். சிதறால் மலையான திருச்சாரணத்திலிருந்தும், கோட்டாற்றிலிருந்தும், மிழலூரிலிருந்தும் வந்தவர்கள் இங்கே பெயர் விட்டுச் சென்றுள்ளனர். ஆகவே இது வழிபாட்டிடமாக மட்டும் அன்றி, பெண்களும் கற்றுக் கற்பித்த பெரும்பள்ளியாகவும் விளங்கியது. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் தென்பாண்டி நாட்டில் இதனினும் பெரிய சமணத் தலம் இல்லை. சமணர் மறைந்த பின் இவ்விடம் அய்யனார் கோயிலாகி, இன்றும் பொங்கலிடும் மக்கள் தீர்த்தங்கரரைக் கடந்தே போகின்றனர்.

மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி குடைவரைக் கோயில் உள்ளது. முருகன் ஒரு முகமும் ஆறு கரங்களும் கொண்டு மேற்கு நோக்கி இருக்கிறார். மலையே விமானமாதலால் வலம்வர விரும்புவோர் மலையைத்தான் சுற்ற வேண்டும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இம்முருகன் மீதே.

வட்டாரத்தின் பிற இடங்கள் வருமாறு. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீடும், 1947இல் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டபமும், 1835இல் அவ்வூரில் மறைந்த முத்துசாமி தீட்சிதரின் சமாதியும், உமறுப்புலவர் அடக்கத்தலமும் உள்ளன. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் அவருக்கு நினைவிடம் உண்டு. இன்று அப்பகுதியின் அடையாளம் காற்றாலைகள். அவரது பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். இப்போது காண்பது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மனுடனான போரில் எட்டயபுரம் பாளையக்காரர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம் பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகே உள்ளது. கோவில்பட்டியில் செண்பகவல்லி அம்மன் கோயிலும், இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு 2022இல் திறந்த நினைவரங்கமும் உண்டு. வெளிமான்களுக்காக 1987இல் அமைந்த வல்லநாடு சரணாலயம் தெற்கே உள்ளது.

கடற்கரை கரிசலின் கிழக்கு ஓரம். வேம்பாறு, வைப்பாறு வழியே தூத்துக்குடி செல்லலாம். பனிமய மாதா பேராலயமும் முயல்தீவும் அங்குள்ளன. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் நீரில் மூழ்கிவிட்டது.

கழுகுமலைக்குக் கோவில்பட்டியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் பேருந்துகள் உண்டு. மேலே பாறை சுடும், நிழல் குறைவு. தண்ணீர் கையில் வேண்டும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய் கோவில்பட்டிக் கடைகளில் கிடைக்கும்.