தாத்தா பிரெஞ்சுக்காரர், பாட்டி இந்தியர்... நெரவி வீடுகளைப் பிரித்த 6 மாத கெடு! தொடக்கம் 1919-ல்?

காரைக்கால் பகுதியில் கல்யாணப் பேச்சு எடுத்தால் சில வீடுகளில் இன்றும் ஒரு கேள்வி வரும். "பையனுக்கு நேஷனாலிட்டி இருக்கா?" வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. நேஷனாலிட்டி இல்லாத மனுஷன் யார்? ஆனால் நெரவி, திருமலைராயன்பட்டினம் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பிரெஞ்சு குடியுரிமை.

பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே தெரு, சில சமயம் ஒரே குடும்பம். ஒருவர் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட், இன்னொருவர் கையில் இந்திய பாஸ்போர்ட். இது எப்படி நடந்தது?

1962 ஆகஸ்ட் 16 அன்று அமலுக்கு வந்த ஓர் ஒப்பந்தம்தான் காரணம். அதில் இருந்த 'ஆப்ஷன்' என்ற ஏற்பாட்டை டெல்லியும் பாரிசும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் போட்ட சமாதான உடன்படிக்கைகளில் ஏற்கெனவே நன்றாகப் புழங்கிய சரக்கு அது.

ஊர் கை மாறினால் ஆள் யாருடையவர்?

போர் முடிந்து 1919 ஜூன் 28-ல் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. ஜெர்மனியின் சில பகுதிகள் போலந்துக்கும் பெல்ஜியத்துக்கும் போயின. நிலத்தை வரைபடத்தில் மாற்றிவிடலாம். அங்கே குடியிருக்கும் ஜெர்மன்காரரை என்ன செய்வது?

அதற்குக் கண்ட வழி இது. பெல்ஜியத்துக்குப் போன பகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவர் தானாகவே பெல்ஜியம் குடிமகன் ஆகிவிடுவார். வேண்டாம் என்றால் 2 வருடத்துக்குள் 'நான் ஜெர்மன்தான்' என்று எழுதிக் கொடுக்கலாம். ஆனால் கொடுத்த பிறகு 12 மாதத்துக்குள் மூட்டை கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போக வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: கணவன் எடுக்கும் முடிவு மனைவிக்கும் சேர்த்துத்தான். அவரை யாரும் கேட்கப்போவதில்லை.

இப்படி ஒரு தேர்வு உரிமை 1871-ல் அல்சாஸ் - லொரேன் கை மாறியபோதே இருந்தது. 1919-க்குப் பிறகு வந்த உடன்படிக்கைகளில் அது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. அதோடு பொது வாக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. 1921-ல் மேல் சிலேசியாவிலும், 1935-ல் சார் பகுதியிலும் 'எந்த நாடு வேண்டும்' என்று மக்களிடமே கேட்டார்கள்.

கேட்காமல் விட்ட இடமும் உண்டு. 1923 ஜனவரியில் லோசானில் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட ஏற்பாட்டில் ஆப்ஷனே கிடையாது. மதத்தைப் பார்த்துப் பிரித்து, 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இடம் மாற்றினார்கள். அதோடு ஒப்பிட்டால், ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் உரிமை எவ்வளவு பெரியது என்று புரியும்.

வெர்செய்ல்ஸில் இந்தியாவுக்கும் தனிக் கையெழுத்து இருந்தது. மாண்டேகுவும் பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும் போட்டார்கள். வலங்கைமானில் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி 1921-ல் சர்வதேச சங்கத்துக்கு இந்தியப் பிரதிநிதியாகவே போனார். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் நெரவிக்காரருக்கு இது எதுவும் பொருந்தாது. அவருக்கும் சேர்த்து பிரான்ஸ் கையெழுத்து போட்டுவிட்டது.

நெரவிக்கு எப்போது வந்தது?

பிரெஞ்சு அரசியல் சாசனப்படி, மக்கள் சம்மதம் இல்லாமல் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க முடியாது. அதனால் 1949 ஜூன் 19-ல் சந்திரநாகூரில் நேரடி வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுக்கு 7,473 ஓட்டு, எதிராக 114.

புதுச்சேரி, காரைக்காலில் அப்படி நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டு போட்டார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. முறையான ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானாலும், அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்ஸ் அதற்கு ஒப்புதல் தர 1962 வரை இழுத்தது. இடைப்பட்ட 8 வருடம் நெரவியை ஆண்டது இந்தியா, சட்டப்படி சொந்தக்காரர் பிரான்ஸ்!

அந்த 6 மாதம்

ஒப்பந்தத்தின் விதி சுருக்கமாக இதுதான். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாமில் பிறந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று அங்கேயே குடியிருந்தால் நீங்கள் இந்தியர். பிரெஞ்சாகவே இருக்க வேண்டும் என்றால் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வெர்செய்ல்ஸ் கொடுத்த 2 வருடத்தில் கால்வாசி!

ஆனால் இரண்டு இடத்தில் இது வெர்செய்ல்ஸை விட நல்ல ஒப்பந்தம். ஒன்று, பிரெஞ்சு குடியுரிமையை வைத்துக்கொண்டவர் ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. இரண்டு, கணவனின் முடிவு மனைவியைக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் தாத்தா பிரெஞ்சு, பாட்டி இந்தியர் என்ற நிலை வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ள கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு மட்டும் அப்பா எடுப்பதுதான் முடிவு. அப்படி பிரெஞ்சான பிள்ளை, 18 முடிந்த 6 மாதத்துக்குள் இந்தியராக மாறிக்கொள்ளலாம்.

மொத்தமாக எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5 ஆயிரம் பேர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா'க்களுக்கும் அரசு வேலையில் இருந்தவர்களுக்கும் இதன் அருமை தெரியும். வயலை நம்பி இருந்த குடும்பத்துக்கு, எதற்கு இந்தத் தாள் என்றுகூடத் தோன்றியிருக்கலாம். இந்தியராக இருப்பதே பெருமை என்று வேண்டாம் என்றவர்களும் உண்டு.

சைகோனில் இருந்தவர் கதை வேறு

இதே நெரவியில் பிறந்து, அன்றைய தேதியில் சைகோனில் வேலை பார்த்தவருக்கு விதி தலைகீழ். பிறந்தது இங்கே, குடியிருப்பது வெளிநாட்டில் என்றால் பிரெஞ்சு குடியுரிமை தானாகவே தொடரும். இந்தியராக வேண்டும் என்றால்தான் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் இருந்த அண்ணன் இந்தியர், கப்பலேறிய தம்பி பிரெஞ்சு. இருவருமே ஒரு தாளும் நீட்டவில்லை!

சைகோனிலேயே பிறந்த பிள்ளைகளைப் பற்றி ஒப்பந்தம் எதுவுமே சொல்லவில்லை. ஆகவே அவர்கள் பிரெஞ்சு குடியுரிமையை இழக்கவில்லை என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் பின்னால் முடிவெடுத்தன. எங்கே பிறந்தார், எங்கே குடியிருந்தார் என்ற இதே சண்டை 1923-ல் போலந்து விவகாரத்தில் தி ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இப்போது விண்ணப்பிக்க முடியுமா?

ஆப்ஷன் கெடு 1963 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. இன்று கேட்பவர்கள் புதிதாக எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. 'என் அப்பா அல்லது அம்மா அப்போதே பிரெஞ்சுதான்' என்று பழைய பிறப்புப் பதிவு, ஆப்ஷன் தாளை வைத்து நிரூபிக்கத்தான் முடியும்.

அதிலும் ஒரு தடை இருக்கிறது. குடும்பம் 50 வருடத்துக்கு மேல் பிரான்ஸுக்கு வெளியே இருந்து, விண்ணப்பிப்பவரும் அவருக்குக் குடியுரிமை தர வேண்டிய பெற்றோரும் அந்தக் காலத்தில் பிரெஞ்சு குடிமக்களாக நடத்தப்பட்டதற்கு அத்தாட்சி இல்லை என்றால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்கும் வழியையே பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3 பிரிவு அடைத்துவிடும். காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த 50 வருடக் கணக்கு ஒப்பந்த நாளிலிருந்தே ஓடுகிறது. அது 2012 ஆகஸ்டில் முடிந்தது. 'தாத்தா பேரை வைத்து வாங்கித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால், முதலில் இந்தப் பிரிவைப் பற்றிக் கேளுங்கள்.