ஒற்றைக் கூடாரம்

நாகூர்க்காரர்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போகிற சமாசாரம். புல் நுனியில் முத்து முத்தாக நிற்பதும் எங்களுக்குப் பனிதான். இமயமலையில் ஆளை உயிரோடு மூடுவதும் பனிதான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் சமாளித்து வருகிறோம். இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் நேர்ந்ததில்லை. ஆனால் போன மார்கழியில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, இது பனியைத் தாங்குமா?" என்று கேட்டபோது, அவன் எந்தப் பனியைச் சொல்கிறான் என்று எனக்கு ஒரு விநாடி விளங்கவில்லை.

அவன் படித்துவிட்டுப் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். பனிக்காலத்தில் இமாசலத்து மலையில் தனியாக நடக்கப் போவதாக உத்தேசம். அதற்காக வாங்கிய கூடாரம் அது. மடித்தால் ஒரு சேலை அளவு. எடை ஒரு கிலோகூட இல்லை. விரித்து, நடுவில் கைத்தடியை ஊன்றினால் நாலு பக்கமும் சரிந்து கூம்பாக நிற்கிறது. ஒரே ஆள் படுக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கக் கடற்கரைக்குப் புறப்பட்டான். நானும் வேடிக்கை பார்க்கக் கூடப் போனேன்.

சோதனை பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வாடைக் காற்று ஒரு வீச்சு வீசியது. மணலில் அடித்திருந்த முளைகள் நாலும் வெண்ணெயில் செருகிய ஊசி போல வெளியே வந்தன. கூடாரம் எழும்பிச் சவுக்குத் தோப்பை நோக்கிப் பறந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்திருக்கக்கூட இல்லை. இழுபட்டுக்கொண்டு போன கயிற்றின் மேல் காலை வைத்தார். கூடாரம் நின்றது.

"தம்பி, முளையை அடிக்காதே, புதை" என்றார் அவர். ஒரு பையில் மணலை அடைத்துக் கயிற்றில் கட்டிக் குழி தோண்டிப் புதைத்துக் காட்டினார். பனிமலையில் ஏறுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். தடியைப் படுக்கை வாட்டில் பனிக்குள் புதைத்து மேலே மிதித்து இறுக்குகிறார்கள். இமயமலையைக் கண்ணால் பார்த்திராத அந்த மனிதருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? காற்றுதான்.

இந்தக் கூம்பு வடிவமும் நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர்ச் சீமையில் வைக்கோற்போர் போடுகிறவன் உச்சியைக் குவித்துத்தான் முடிக்கிறான். தட்டையாக முடித்தால் ஐப்பசி மழையில் போர் நடுவில் அழுகிப் போகும். பனிக்கும் அதே கணக்குதான். புதிதாக விழுந்த பனி பஞ்சு போல இருக்கும். ஆனால் ஒரு கன மீட்டர் பனி சுமார் 100 கிலோ வரை இருக்கும். ஒரு சிறு கூடாரத்தின் மேல் ஒரு அடி கனத்துக்கு அது தங்கிவிட்டால், இரண்டு மூட்டை நெல்லைத் தூக்கி வைத்த பாரம். ஈரப் பனியானால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. சரிவாக இருந்தால் வழுக்கி விழுந்துவிடும். விழுந்தது எங்கே போகும்? கூடாரத்தின் காலடியிலேயே குவியும். குவிந்து சுவரை உள்ளே தள்ளும். அடியில் காற்று வருகிற இடுக்கை அடைக்கும். ஆக, கூம்புக் கூடாரம் பாரத்தைத் தலையிலிருந்து இறக்கிக் கழுத்தில் வைத்துக்கொள்கிறது. யாராவது எழுந்து தட்டிவிட வேண்டும். மண்வெட்டியால் ஒதுக்கிவிட வேண்டும்.

கூம்புக் கூடாரத்தின் சரித்திரத்தில் மிகப் பெரிய சோதனை 1911ஆம் வருஷம் தென் துருவக் கண்டத்தில் நடந்தது. ஸ்காட்டின் கோஷ்டியைச் சேர்ந்த மூன்று பேர், எட்வர்ட் வில்சன், பவர்ஸ், செர்ரி காரார்டு, எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி நடுக் குளிர்காலத்தில் குரோஸியர் முனைக்குப் போனார்கள். இவர்களில் பவர்ஸ் நமக்குக் கொஞ்சம் உறவு. ராயல் இந்தியன் மரீன் என்ற நம் நாட்டுக் கப்பற்படையில் உத்தியோகம் பார்த்தவர். சூரியனே உதிக்காத மாதங்கள். வழியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி சென்டிகிரேடு வரை போயிற்று. முனையில் கல்லை அடுக்கிச் சிறு குடில் கட்டி, மேலே கான்வாஸ் துணி போர்த்தி, பக்கத்தில் கூடாரத்தையும் அடித்திருந்தார்கள். ஜூலையில் ஒரு புயல். கூடாரம் போய்விட்டது. பிறகு குடிலின் கூரையும் கிழிந்து போயிற்று. மூன்று பேரும் தூக்கப் பைகளுக்குள் சுருண்டு, பனி தங்களை மூடட்டும் என்று கிடந்தார்கள். கூடாரம் இல்லாமல் திரும்பி நடக்க முடியாது என்று மூவருக்கும் தெரியும். 

காற்று தணிந்ததும் இருட்டில் தட்டித் தடவித் தேடினார்கள். அரை மைல் தள்ளிச் சரிவின் அடியில் கூடாரம் கிடந்தது. காற்று தூக்கியபோது மூங்கில் கால்கள் ஒன்றாகச் சேர்ந்து குடை போல மடங்கிவிட்டபடியால் கிழியவே இல்லை. அதற்குப் பிறகு பவர்ஸ் செய்த காரியத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இரவு படுக்கும்போது கூடாரத்திலிருந்து ஒரு கயிற்றை எடுத்துத் தன் உடம்போடு கட்டிக்கொண்டார். இனி அது போவதானால் தானும் கூடப் போவதென்று தீர்மானம்!

அவர் போகவில்லை, கூடாரமும் போகவில்லை. மூவரும் மூன்று முட்டைகளோடு திரும்பினார்கள். மறு வருஷம் மார்ச் மாதம் அதே பவர்ஸும் அதே வில்சனும் ஸ்காட்டோடு தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில், சாமான் கிடங்குக்கு 11 மைல் தூரத்தில் புயலில் சிக்கினார்கள். இந்தத் தடவை கூடாரம் நன்றாகத்தான் நின்றது. 1912 நவம்பர் 12ஆம் தேதி தேடிப் போனவர்கள் பார்த்தபோது பனிக்கு மேலே அதன் உச்சி மாத்திரம் தெரிந்தது. ஏறக்குறைய எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் நின்ற கூடாரத்துக்குள் மூன்று பேரும் இறந்து கிடந்தார்கள். பறந்த கூடாரம் உயிரோடு அனுப்பியது. பறக்காத கூடாரம் கல்லறையாயிற்று. துணியை மாத்திரம் சோதிக்கிறவர்களுக்கு இந்த விஷயம் விளங்காது.

சரி, அவர்களாவது மூன்று பேர். தனி ஆளாகப் போனவன் கதை என்ன? இதற்கு நம் டார்ஜிலிங்கிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. மாரிஸ் வில்சன் என்ற ஆங்கிலேயர். முன் சொன்ன வில்சனுக்கு உறவில்லை. மலையேறிப் பழக்கமில்லாதவர். விரதமும் விசுவாசமும் இருந்தால் எவரெஸ்டில் தனியாக ஏறிவிடலாம் என்று நம்பினார். 1933இல் சின்ன விமானம் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தார். அனுமதி கிடைக்கவில்லை. 1934 மார்ச்சில் துறவி வேஷம் போட்டு, மூன்று மலைவாசிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு டார்ஜிலிங்கிலிருந்து நழுவித் திபெத்துக்குள் போய்விட்டார். கடைசியில், துணைக்கு வந்தவர்கள் தடுத்தும் கேட்காமல், மே மாதம் 29ஆம் தேதி தனியாக மேலே புறப்பட்டார். திரும்பி வரவில்லை.

மறு வருஷம் ஜூலையில் எரிக் ஷிப்டனின் கோஷ்டி அந்த வழியாகப் போயிற்று. அவர் உடல் பனியில் கிடந்தது. பக்கத்தில், காற்று பிய்த்தெறிந்த கூடாரத்தின் மிச்சம். பையில் நாட்குறிப்பு. அந்தக் கோஷ்டியில் முதல் முதலாக எவரெஸ்டுக்குச் சுமை தூக்கப் போன இளைஞன் ஒருவன் இருந்தான். பெயர் டென்சிங். 18 வருஷம் கழித்து அந்த மலையின் உச்சியில் ஹிலாரியோடு நின்றவர். ஆனால் தனியாக அல்ல!

இதைக் கேட்டால் தனியாகப் போவதே பாவம் என்று தோன்றும். அப்படியும் சொல்வதற்கில்லை. 1930இல் கிரீன்லாந்தின் பனிமேட்டில், சுமார் 8,000 அடி உயரத்தில், பிரிட்டனிலிருந்து கனடாவுக்கு விமானப் பாதை போடுவதற்காகக் குளிரையும் காற்றையும் அளந்து எழுதும் நிலையம் ஒன்று வைத்தார்கள். நிலையமென்றால் ஒரு கூடாரம்தான். அதில் இரண்டு பேர் இருப்பதாக ஏற்பாடு. ஆனால் புயல்களினால் உணவு கொண்டு வருகிறவர்கள் தாமதப்பட்டுவிட, வந்து சேர்ந்த உணவு ஒருவனுக்குத்தான் போதும் போலிருந்தது. அகஸ்டின் கோர்ட்டால்டு என்ற 26 வயது இளைஞர், "நான் இருக்கிறேன்" என்று தங்கினார். டிசம்பர் 6ஆம் தேதி மற்றவர்கள் போய்விட்டார்கள்.

பனி விழுந்துகொண்டே இருந்தது. முதலில் சுற்றிலும் ஒதுக்கிப் பார்த்தார். மார்ச் மாதத்தில் கூடாரம் முழுவதும் மூடிப் போய், வெளியே வரும் வழியும் அடைந்துவிட்டது. மண்ணெண்ணெய் குறைந்துபோய் இருட்டிலேயே நாட்களைக் கழித்தார். ஊரில் அவருக்கு நிச்சயித்திருந்த பெண் காத்திருந்தாள். தேடி வந்த முதல் கோஷ்டி இடத்தையே கண்டுபிடிக்காமல் திரும்பிற்று. மே மாதம் 5ஆம் தேதி, தலைவர் வாட்கின்ஸ் இரண்டு பேரோடு வந்து பார்த்தபோது, வெண்பரப்பில் ஒரு கொடியின் கந்தலும், கூடாரத்து உச்சியில் காற்றுக்காக வைத்திருந்த குழாயின் நுனியும் தெரிந்தன. வாட்கின்ஸ் குழாயில் வாயை வைத்துக் கூப்பிட்டார். கீழேயிருந்து குரல் கேட்டது! கூரையைக் கிழித்து வெளியே தூக்கினார்கள். அவருடைய அடுப்பில் கடைசி எண்ணெய் தீர்ந்ததும் அந்த வேளையில்தான். தனியாக இருந்தது 150 நாள்.

ஒருவர் பிணமானார், ஒருவர் பிழைத்தார். இருவரும் தனியாகத்தான் இருந்தார்கள். வித்தியாசம் துணியில் மட்டுமா இருக்கிறது? கூடாரம் எவனையும் காப்பாற்றுவதில்லை. அது நாள் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த நாட்களுக்குள் யாராவது வரவேண்டும். வருகிறவனுக்கு இடம் தெரிந்திருக்க வேண்டும். உச்சியில் ஏதோ ஒன்று வெளியே தெரிய வேண்டும்.

நம் காலத்திலும் இதைப் பார்த்தோம். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி, சியாச்சினில் 19,000 அடிக்கும் மேலே, மதராஸ் ரெஜிமெண்டின் காவல் முகாமைப் பனிச்சரிவு மூடியது. பத்துப் பேர், அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நாலு பேர். இனி யாரும் உயிரோடு இருக்க வழியில்லை என்று சொல்லிவிட்ட பிறகும் தோழர்கள் தோண்டுவதை நிறுத்தவில்லை. ஆறாம் நாள் சுமார் 25 அடி ஆழத்தில் ஹனுமந்தப்பா என்ற கர்நாடகத்து வீரரை மூச்சோடு எடுத்தார்கள். 11ஆம் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் அவர் இறந்து போனார். ஆனாலும், அந்த ஆறு நாளும் மேலே மண்வெட்டிச் சத்தம் ஓயவில்லை.

இதையெல்லாம் கடற்கரை மணலில் உட்கார்ந்து பையனுக்குச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ போக வேண்டாங்கிறீங்களா, மாமா?" என்று கேட்டான்.

"போய்விட்டு வா" என்றேன். "இரவில் இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து பனியைத் தட்டிவிடு. காற்று வருகிற துவாரத்தை அடைக்காதே. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதே. எந்த வழியாகப் போகிறாய், என்றைக்குத் திரும்புவாய் என்று உன் அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ."

கடைசி வார்த்தையைக் கேட்டுத்தான் அவன் முகம் சுண்டிற்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவே இல்லையாம்!

பெரியவர் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார். "நாங்க கடலுக்குப் போனா, எந்தப் பக்கம் போறோம்னு கரையிலே நாலு பேருக்குத் தெரியும் தம்பி. திரும்பி வர்றப்போ முதல்லே தெரியறது அதுதான்" என்று கையை நீட்டினார்.

திரும்பிப் பார்த்தோம். தோப்புக்கு மேலே தர்காவின் பெரிய மினாரா, தஞ்சாவூர் ராஜா பிரதாப சிம்மன் கட்டிக் கொடுத்த 131 அடி உயரம், மாலை வெயிலில் நின்றது. பையன் கூடாரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"வாங்க மாமா, வீட்டுக்குப் போகலாம். நீங்களும் கூட வந்து அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான்.