பள்ளித் தோழியரின் நினைவு

மாணவ மாணவியரே,

வரலாறு என்றதும் அரசர்களும் படைகளும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு பள்ளியில் ஒன்றாகப் படித்த பெண்கள், மாண்டுபோன தம் தோழியரை உலகம் மறவாதிருக்க மேற்கொண்ட முயற்சியும் வரலாறேயாகும். அத்தகைய ஒரு முயற்சியைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது நிகழ்ந்த இடம் ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஓகினாவாத் தீவு.

ஓகினாவா ஒரு காலத்தில் ரியூக்யூ என்னும் தனி அரசின் தலைமைத் தீவாக விளங்கியது. 1879-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு அதனைத் தன் மாவட்டங்களுள் ஒன்றாக ஆக்கிக்கொண்டது. பின்னாளில் அங்கே, நாஹா நகரையடுத்த ஓரிடத்தில், ஒரே வளாகத்துள் இரண்டு பள்ளிகள் இயங்கிவந்தன. ஒன்று மகளிர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. மற்றொன்று முதலாம் மகளிர் உயர்நிலைப் பள்ளி. இரு பள்ளிகளுக்கும் தனித்தனி இதழ்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘ஓட்டோஹிமே’. மற்றதன் பெயர் ‘ஷிராயூரி’, அதாவது வெண் லில்லி. இரண்டையும் இணைத்தபோது ‘ஹிமேயூரி’ என்ற பெயர் உருவாயிற்று. இப்பெயரைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் உலகம் இதனை வீரத்தியாகத்தின் பெயராகப் போற்றலாயிற்று. பிறப்பிலோ இது பள்ளிப் பிள்ளைகள் கட்டுரையும் கவிதையும் எழுதிய இதழின் பெயர்.

இரண்டாம் உலகப் பெரும்போரின் இறுதியாண்டில் அமெரிக்கப் படை ஓகினாவாவை நெருங்கியது. தீவிலிருந்த 21 பள்ளிகளின் மாணவ மாணவியர் போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டனர். 1945 மார்ச் 23-ஆம் நாள் இரவில், இவ்விரு பள்ளிகளிலிருந்தும் 222 மாணவியரும் 18 ஆசிரியரும் ஹாயேபாரு என்னுமிடத்து இராணுவ மருத்துவமனைக்குப் புறப்பட்டனர். மாணவியருக்கு வயது பதினைந்திலிருந்து பத்தொன்பது. செஞ்சிலுவைக் கொடியின் கீழ்ப் பாதுகாப்பாகப் பணிபுரிவோம், விரைவில் பள்ளிக்குத் திரும்புவோம் என்றே அவர்கள் நம்பினார்கள். ஆகவே பாடநூல்களையும் எழுதுபொருள்களையும் உடன் எடுத்துச் சென்றவர்கள் பலர்.

மார்ச் 29-ஆம் நாள் இரவில், இறுதி வகுப்பு மாணவியருக்குப் பள்ளி நிறைவு விழா நடைபெற்றது. இடம், மருத்துவமனையை ஒட்டிய ஒரு மரக்கொட்டகை, விளக்கு, மெழுகுவத்தி. வெளியே குண்டு முழக்கம். அந்த விழாவுக்கென்றே புதியதொரு பிரிவுப் பாடல் இயற்றப்பட்டு, இசையாசிரியர் மெட்டமைக்க, மாணவியர் பல நாள் பயின்று வைத்திருந்தனர். விழாவிலே அது பாடப்படவில்லை. நாட்டுக்காக உயிர்விடுதலைப் போற்றும் போர்க்காலப் பாடலொன்றே அங்கு ஒலித்தது. பிரிவுப் பாடலில் தோழியும் பள்ளியும் இருந்தன. மற்றப் பாடலில் அரசும் மரணமும் மட்டுமே இருந்தன. ஒரு நாடு தன் பிள்ளைகளை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதனை இவ்விரு பாடல்களின் கதையே புலப்படுத்துகிறது என்று நான் கருதுகிறேன்.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் முதல் தேதியன்று, அமெரிக்கப் படை முதன்மைத் தீவில் இறங்கியது. மருத்துவமனை என்று சொல்லப்பட்டது, குன்றுகளைக் குடைந்து அமைத்த இருண்ட குகைகளின் தொகுதியே. நாள்தோறும் வந்து குவிந்த காயமுற்ற வீரர்களை மாணவியர் கவனித்தனர். அறுவை நடைபெறும்போது கால்களைப் பிடித்துக்கொண்டனர்; வெட்டியெடுத்த உறுப்புகளை வெளியே கொண்டுபோய்ப் புதைத்தனர். குண்டுமழையினூடே ஓடிச் சென்று நீரும் சோறும் கொணர்ந்தனர்.

மே மாத இறுதியில் ஜப்பானியப் படை தெற்கு நோக்கிப் பின்வாங்கிற்று. மருத்துவமனையும் இடம்பெயர்ந்தது. நடக்க இயலாத நோயாளிகள் குகைகளிலேயே விடப்பட்டனர். கடுங்காயமுற்ற தோழியரையும் விட்டுப்பிரியும் நிலை மாணவியருக்கு நேர்ந்தது. தெற்கே போனவர்கள் அங்கிருந்த இயற்கைக் குகைகளில் ஒண்டினர்.

ஜூன் 18-ஆம் நாள், மாணவியர் அணி கலைக்கப்படுகிறது என்ற ஆணை வந்தது. இனி ஒவ்வொருவரும் தத்தம் முடிவின்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். சற்றே சிந்தித்துப் பாருங்கள். அதுகாறும் அப்பிள்ளைகளுக்குப் புகட்டப்பட்ட கல்வி, கீழ்ப்படிதல் ஒன்றையே கற்பித்தது. பகைவரிடம் சிறைப்படுதல் பேரிழிவு என்றும், சிறைப்பட்டால் கொடிய சித்திரவதையே காத்திருக்கிறது என்றும் அது சொல்லித் தந்திருந்தது. தாமாக முடிவெடுக்க ஒரு நாளும் பழக்கப்படாத பிள்ளைகளை, நாற்புறமும் போர் சூழ்ந்த வேளையில், உங்கள் முடிவு உங்களுடையது என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள்.

விளைவை எண்ணிக்கையே கூறும். ஆணை வருமுன் ஏறத்தாழ மூன்று மாதங்களில் மாண்டவர் 19 பேர். ஆணைக்குப் பின் ஒரு வார அளவில் மாண்டவர் நூற்றுக்கு மேற்பட்டோர். மறுநாட் காலையிலேயே இஹாரா என்னுமிடத்துக் குகையொன்றில் அமெரிக்கப் படையின் தாக்குதலுக்கு இரையாகி, மாணவியரும் ஆசிரியருமாக நாற்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். வேறு சிலர் கடற்கரைப் பாறைகளிடையே கைக்குண்டை வெடிக்கச் செய்து உயிர்நீத்தனர். ஹாயேபாருவுக்குப் புறப்பட்ட 240 பேருள் 136 பேர் திரும்பவில்லை. அப்பணிக்குச் செல்லாமல் போரின் பிற இடங்களில் மாண்டோரையும் சேர்த்தால், இவ்விரு பள்ளிகள் இழந்தவர் தொகை 227. ஓகினாவா மக்களுள் இறந்தோர் 1,20,000-க்கு மேல் என்பர். பள்ளியும் அழிந்தது; அது மீண்டும் திறக்கப்படவேயில்லை.

1946 ஏப்ரலில், இஹாராக் குகையின் வாயிலில் ஒரு சிறு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அதனை முன்னின்று நிறுவியவர் தம் மகள்களையும் அப்போரிலே பறிகொடுத்த கின்ஜோ வாஷின் என்னும் ஊர்த்தலைவர். பின்னர் இக்கதை நாவலாயிற்று. 1953-இல் இமாய் தாதாஷி இயக்கிய திரைப்படமாகி ஜப்பான் முழுவதும் பரவியது. ‘ஹிமேயூரி’ என்றால் தூய மலரொத்த கன்னியர், மகிழ்ந்து உயிரீந்த தியாகச் செல்வியர் என்றதோர் ஓவியம் பலருடைய மனத்தில் பதிந்தது.

உயிர் பிழைத்த தோழியரோ பல்லாண்டுகள் வாய் திறவாதிருந்தனர். தோழியை விட்டுவந்த நினைவு அவர்களை வாட்டிற்று. மகளை இழந்த தாய்தந்தையரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் அவர்கள் நடுங்கினர். ஆயினும் உலகம் தீட்டிய அழகிய ஓவியத்தில் தம் தோழியரின் உண்மை முகம் மறைவதை அவர்கள் கண்டார்கள். 1982-இல் முன்னாள் மாணவியர் சங்கம் ஓர் அருங்காட்சியகம் அமைப்பதென்று முடிவு செய்தது. அறுபதை நெருங்கிய பெண்கள் மீண்டும் அக்குகைகளுள் இறங்கினர். சேற்றினின்று எலும்புகளையும், சீப்பு, எழுதுகோற்பெட்டி போன்ற உடைமைகளையும் தேடி எடுத்தனர். மாண்டவர்களின் வீடுகளுக்குச் சென்று புகைப்படம் கேட்டு வாங்கினர். 1989 ஜூன் 23-ஆம் நாள், ஓகினாவா தன் போரில் மாண்டோரை நினைந்து ஆண்டுதோறும் துயர் காக்கும் அந்நாளில், அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அங்கே ஒரு கூடத்தின் சுவர்களில் 227 பேரின் நினைவு வரிசையாக இடம்பெற்றுள்ளது. ஒவ்வொன்றின் கீழும் பெயர், அவர் எத்தகைய இயல்புடையவர், எங்கே, எவ்வாறு மாண்டார் என்பவை எழுதப்பட்டுள்ளன. ஒருத்தி அமைதியானவள், மற்றொருத்தி விளையாட்டில் வல்லவள் என்ற அளவிலான சிறு குறிப்புகளே அவை. அவ்வாறு எழுத அருகில் அமர்ந்து படித்த தோழியாலன்றிப் பிறரால் இயலுமோ? அரசு எண்ணிக்கை எழுதும்; கலைஞர் காவியம் எழுதுவர்; இவள் கணக்கில் கெட்டிக்காரி, அவள் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லத் தோழி வேண்டும்.

அத்தோழியர் தாமே அங்கு நின்று, வந்த மாணவர்க்குத் தம் வாயால் இவற்றை எடுத்துரைத்து வந்தனர். முதுமையின் காரணமாக 2015-இல் அவ்விரிவுரைகள் நிறைவுற்றன. 2018-இல் போருக்குப் பின் பிறந்தவர் ஒருவர் அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பேற்றார். கண்டவர் சொன்ன காலம் முடிந்து, கேட்டவர் சொல்லும் காலம் அங்கே தொடங்கிவிட்டது.

மாணவ மாணவியரே, இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு என்று எண்ணுகிறேன். தானாகச் சிந்திக்கக் கற்பிக்காத கல்வி, ஆபத்து வேளையில் தன் பிள்ளைகளைக் கைவிட்டுவிடும் என்பது ஒன்று. மாண்டோரைப் புகழ்வது எளிது, அவர்களை உள்ளவாறே நினைவில் வைத்திருப்பது அரிது என்பது மற்றொன்று. அழகுபடுத்திய நினைவு அடுத்த போருக்கும் அணிகலனாகிவிடக்கூடும்; உள்ளபடியான நினைவு அதனைத் தடுத்து நிற்கும். நாளை நீங்கள் பள்ளியையோ கல்லூரியையோ விட்டுச் செல்லும்போது உங்கள் கையில் ஒரு வகுப்புப் படம் இருக்கும். அதன் பின்புறத்தில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். பெயருக்கருகில் அவரைப் பற்றி உண்மையான ஒரு வரியும் எழுதி வையுங்கள்.