மைக் செட்டின் வால்வுக் காலம்

ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் கல்யாணத்துக்கும் ஆடி மாதக் கூழ் வார்ப்புக்கும் மைக் செட் வாடகைக்கு எடுக்கும் வழக்கம் வேரூன்றியபோது, 1940இல் தொடங்கிய அகுஜா போன்ற நிறுவனங்களின் ஆம்ப்ளிஃபையர்களில் ஒலியைப் பெருக்கியவை வால்வு எனப்படும் வெற்றிடக் குழல்களே. ஸ்பீக்கர் பழுதாகி மாற்று தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஓம் அளவு, அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. ஏனெனில் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலுள்ள வெளியீட்டு மின்மாற்றியில் 4, 8, 16 ஓம் எனத் தனித்தனி முனைகள் இருக்கும், அவற்றோடு பொருந்தாத ஸ்பீக்கரில் திறன் வீணாகும், ஸ்பீக்கரே இணைக்காமல் ஒலியைக் கூட்டினாலோ மின்மாற்றியின் சுருளே கருகிவிடக்கூடும். விலையைவிட இந்த ஓம் பொருத்தமே முக்கியமானது.

பழைய காகிதக் கூம்பு ஸ்பீக்கரை வாங்குமுன் கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தால், உள்ளிருக்கும் சுருள் காந்தத்தில் உரசினால் கரகரப்பு கேட்கும். கேட்டால் அந்த ஸ்பீக்கர் உதவாது. அக்கால ஸ்பீக்கர்களில் இருந்த அல்னிகோ காந்தம் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகமாகும். 1978இல், கோபால்ட் கிடைத்த ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டுக் கலவரத்தால் கோபால்ட் விலை ஏறியதும், மலிவான ஃபெரைட் காந்தமே பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இடம்பிடித்தது.