ஆளற்ற நிலமும் ஆளற்ற வானமும்

சட்டம் எளியோரைக் காக்கும் கேடயம் என்பர். வரலாற்றேடுகளைப் புரட்டினாலோ, வலியோரின் கைவாளாகவே அது சுழன்ற காலங்களையும் காண்கிறோம். அந்த வாள்களுள் கூரியது 'ஆளற்ற நிலம்' எனும் கோட்பாடு. உரியவர் இல்லாத மண்ணை முதலில் கண்டவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம்.

1770-ஆம் ஆண்டு, கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைப் பிரிட்டிஷ் மன்னருக்கு உரியதென அறிவித்தார். அங்கே மக்கள் இல்லையா? இருந்தனர், பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்திருந்தனர். நீர்நிலைகளைக் காத்தனர், விண்மீன் நோக்கிப் பருவம் கணித்தனர். ஆயினும் வேலியில்லை, பத்திரமில்லை. ஆகவே நிலமும் அவர்களுடையதன்று என்றது வந்தவர் வகுத்த சட்டம்! அந்தப் பொய்யை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது 1992 சூன் 3-ஆம் நாள். அதற்கு 222 ஆண்டுகள் ஆயின. வழக்கைத் தொடுத்த தீவுவாசி எட்டி மாபோ தீர்ப்பைக் கேட்க உயிரோடில்லை. அவ்வாண்டு சனவரியிலேயே அவர் மறைந்துவிட்டார்.

இந்தக் கோட்பாடு மண்ணோடு நின்றதா? இல்லை, விண்ணுக்கும் ஏறியது.

இரண்டாம் உலகப் போரில் இலண்டன்மீது பாய்ந்த செருமானிய இராக்கெட்டுகளைக் கண்ட பிரிட்டன், தானும் அத்தகைய படைக்கலம் செய்ய விழைந்தது. சோதித்துப் பார்க்கப் பரந்த வெளி வேண்டுமே! தெற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் 1947-இல் ஏவுதளம் எழுந்தது. அதற்கு இட்ட பெயர் வூமெரா. பழங்குடியினர் ஈட்டி எறியப் பயன்படுத்தும் கருவியின் பெயர் அது. அவர்கள் சொல்லை எடுத்துக்கொண்டனர்; அவர்கள் சொல்லைக் கேட்கவில்லை!

மருத்துவர் சார்லசு டுகிட் போன்றோர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அதே 1947-இல், பாதுகாப்புத் திட்டங்களைத் தடுப்போரைத் தண்டிக்கத் தனிச்சட்டமே இயற்றியது அரசு. 1964-இல் 'புளூ ஸ்ட்ரீக்' இராக்கெட் ஏவப்பட்டபோது, அதன் பாகங்கள் விழக்கூடிய பகுதியில் மார்ட்டு இனப் பெண்களும் குழந்தைகளும் வாழ்ந்துவந்தனர். வெள்ளையரையே கண்டிராத அவர்கள், மோட்டார் வண்டிகளைப் பூதமென அஞ்சி ஓடினர். இறுதியில் சொந்த மண்ணை விட்டே அகற்றப்பட்டனர். 'ஆளற்ற' பாலையில் ஆள் இருந்த கதை இது!

1967-ஆம் ஆண்டைப் பாருங்கள். சனவரி 27-இல் விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விண்வெளி மனித குலம் முழுமைக்கும் உரிய களம். நிலவையோ பிற கோள்களையோ எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளலாகாது என்றது அது. மே 27-இல், பழங்குடியினரை மக்கள்தொகையில் சேர்த்து எண்ணுவதற்கே ஆஸ்திரேலியா பொதுவாக்கெடுப்பு நடத்தியது! நவம்பர் 29-இல் வூமெராவிலிருந்து அந்நாட்டின் முதல் செயற்கைக்கோள் எழுந்தது. மனித குலம் என்ற சொல் ஒப்பந்தத்தில் உண்டு. பழங்குடியினர் என்ற சொல் இல்லை.

ஒப்பந்தத்தின் வேலியிலும் இடைவெளி தேடுகின்றனர். நிலவு எவருக்கும் சொந்தமன்று. ஆனால் அங்கே தோண்டி எடுத்த கனிமம் எடுத்தவர்க்கே சொந்தம் என்று 2015-இல் அமெரிக்காவும் 2017-இல் லக்சம்பர்க்கும் சட்டம் செய்தன.

இன்று சட்ட அறிஞர்கள் ஆய்வு நல்கை பெற்று, விண்வெளிச் சட்டத்தையும் பழங்குடியினர் உரிமையையும் இணைத்து ஆராய்கின்றனர். "நிலவில் குடிகள் ஏது? இது வீண் செலவன்றோ?" எனக் கேட்போர் உளர். நிலவில் குடிகள் இல்லை, உண்மை. ஆனால் இராக்கெட் எழுவது மண்ணிலிருந்து. அந்த மண்ணில் குடிகள் உண்டு.

1998-இல் நாசாவின் விண்கலம் ஓர் அறிவியலாளரின் அத்தியை நிலவுக்குச் சுமந்து சென்றபோது, நிலவைப் போற்றும் நவாகோ மக்கள் கண்டித்தனர். நாசா வருத்தம் தெரிவித்து, இனிக் கலந்து பேசுவதாக வாக்களித்தது. 2024 சனவரியில் தனியார் கலமொன்று மீண்டும் அத்தி சுமந்து புறப்பட்டபோது, அதே கண்டனம் மீண்டும் எழுந்தது. அக்கலம் நிலவை அடையவில்லை என்பது வேறு செய்தி.

நிலவைப் புனிதமென நாம் ஏற்க வேண்டியதில்லை. பகுத்தறிவாளர் அதைப் பாறையென்றே கொள்ளட்டும். வினா அதுவன்று. பொதுச்சொத்து என்று பறைசாற்றிவிட்டு, பங்காளிகளுள் ஒருவரை மட்டும் கேளாமல் விடுவது பொதுமையாகுமா?

ஒரு பொய்யைத் திருத்த 222 ஆண்டுகள் பிடித்தன. சட்டம் எழுதி முடித்த பின் திருத்துவது கடினம். எழுதும்போதே கேட்பது எளிது. வானத்துக்கான சட்டம் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இப்போதே கேட்போம்!